கொலராடோ மலைகளில் டிஸ்க் கோல்ஃப் ரோடு ட்ரிப்: தட்டு ஏன் வேற மாதிரி பறக்குது? கிளம்புறதுக்கு முன்னாடி எதையெல்லாம் யோசிக்கணும்?

ஹூஸ்டனிலோ நியூ ஜெர்சியிலோ நேராகப் பறந்த தட்டு, கொலராடோவில் மலைக்கு மேல போனதும் பாதி வழியிலேயே இடப்பக்கம் சாய்ந்து தரையில் விழுகிறது. கை சரியில்லையா, தட்டு சரியில்லையா என்று முதல்முறை போகிறவர்கள் குழம்பிப் போவார்கள். ரெண்டுமே காரணம் இல்லை. அங்கே காற்று அடர்த்தி குறைவு, அவ்ளோதான்.

ஆனால் தட்டைப் பாதிக்கிற அதே காற்று, தட்டை எறிகிற ஆளையும் பாதிக்கும். அமெரிக்காவில் கோடை விடுமுறைக்கு நண்பர்களோடு காரை எடுத்துக்கொண்டு மலை மலையாக டிஸ்க் கோல்ஃப் ஆடப் போவது இப்போது பலருக்குப் பிடித்த பொழுதுபோக்காகிவிட்டது. அங்கே வேலை பார்க்கும் தமிழர்களும், ஜூன், ஜூலையில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இந்த ஊர்களுக்குச் சுற்றுலா போவதுண்டு. செலவு குறைவான பயணம்தான். ஆனால் உயரம், மின்னல், மலைப்பாதை இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல் போட்ட பிளான் இரண்டாவது நாளே ஆட்டம் கண்டுவிடும்.

முதல்ல, டிஸ்க் கோல்ஃப்னா என்ன?

கோல்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் ஃப்ரிஸ்பீ போன்ற தட்டு, குழிக்குப் பதில் ஒரு கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தட்டு சங்கிலியில் மோதி வேகம் குறைந்து கூடைக்குள் விழ வேண்டும். எத்தனை எறிதலில் முடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. குறைவாக எறிந்தவர் ஜெயித்தார். பெரும்பாலும் 18 கூடைகள் இருக்கும்.

வாம்-ஓ நிறுவனம் 1957-ல் ஃப்ரிஸ்பீயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் என்பவர்தான் டிஸ்க் கோல்ஃபின் தந்தை என்று அழைக்கப்படுகிறார். 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் மைதானத்தை அவர் வடிவமைத்தார். 1976-ல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏ தொடங்கப்பட்டது. சங்கிலிக் கூடைக்கு 1977-ல் காப்புரிமை கிடைத்தது. ஹெட்ரிக் 2002-ல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். விளையாட்டின் மேல் வெறி என்றால் இப்படித்தான் இருக்கணும் போல.

இன்றைக்கு உலகம் முழுக்க 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைதானங்கள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவில். பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில் இருப்பதால் கட்டணம் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்று தட்டுகள் போதும். இந்த விளையாட்டு வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணமே இதுதான். கோல்ஃப் ஆட கிளப் மெம்பர்ஷிப் வேண்டும், இதை ஆட நல்ல ஷூ இருந்தால் போதும்.

சமவெளியில ஆடினா போதாதா? ஏன் மலை?

பனிச்சறுக்கு விளையாட்டு நடக்கும் மலைகள் கோடையில் சும்மா கிடக்கும். லிஃப்ட் இருக்கும், ஹோட்டல் இருக்கும், ஆள்தான் இருக்காது. அந்தச் சரிவுகளில் கூடைகளை நட்டுவிட்டால் கோடையிலும் கூட்டம் வரும். அமெரிக்காவின் பல ஸ்கீ ரிசார்ட்டுகளில் டிஸ்க் கோல்ஃப் மைதானம் இருப்பதன் பின்னணி இதுதான். வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ஸ்மக்லர்ஸ் நாட்ச் ரிசார்ட்டில் 2018-லும் 2023-லும் உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்தது.

அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃப், கலிஃபோர்னியா - நெவாடா எல்லையில் உள்ள லேக் டாஹோ, யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி சுற்றுவட்டாரம் என்று மலை மைதானங்களுக்குப் பஞ்சமில்லை. யூட்டாவில் உள்ள ஆக்டன் நகரில்தான் 2021 உலக சாம்பியன்ஷிப் நடந்தது. கடைசிக் கூடையில் 247 அடி தூரத்திலிருந்து ஜேம்ஸ் கான்ராட் எறிந்த தட்டு நேராகச் சங்கிலியில் போய் விழுந்ததும், அதன்பின் பிளே-ஆஃபில் அவர் பால் மெக்பெத்தைத் தோற்கடித்ததும் இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களையும் பார்க்க வைத்த தருணம்.

இருந்தாலும் ஒரே பயணத்தில் பல உயரங்களைப் பார்க்க வேண்டும் என்றால் கொலராடோதான் வசதி. 5,280 அடியில் இருக்கும் டென்வரில் தொடங்கி, 10,000 அடிக்கு மேலே போய் முடிக்கலாம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், டென்வரே கிட்டத்தட்ட ஏற்காடு உயரம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும் ஃப்ரிஸ்கோ என்கிற சின்ன ஊர், நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவைவிட உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஃப்ரிஸ்கோ 2,773 மீட்டர்.

உயரத்துல தட்டுக்கு என்ன ஆகுது?

இங்கேதான் சுவாரஸ்யம். கிரிக்கெட், பேஸ்பால், கோல்ஃப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: உயரமான ஊரில் பந்து அதிக தூரம் போகும். டென்வரின் பேஸ்பால் மைதானத்தில் ஹோம் ரன்கள் குவிவது அதனால்தான். காற்றின் தடை குறைவு, பந்து சுலபமாகக் கிழித்துக்கொண்டு போகும். அப்படியானால் தட்டும் அதிக தூரம் போக வேண்டும்தானே?

அப்படி நடப்பதில்லை. பந்துக்குக் காற்று பெரும்பாலும் எதிரி. தட்டுக்கு அப்படியில்லை, விமானத்தின் இறக்கை மாதிரி காற்றின் மேல் ஏறித்தான் அது மிதக்கிறது. 10,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால்வாசி குறைவு. தடை குறைவது உண்மைதான், ஆனால் தட்டைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் சேர்ந்தே குறைகிறது. விளைவு, தட்டு மிதக்க வேண்டிய நேரத்தில் கீழே இறங்கிவிடுகிறது.

இன்னொரு மாற்றம் பாதையில் நடக்கிறது. வலது கைக்காரர் ஒருவர் தட்டைத் தன் மார்புக்குக் குறுக்காக இழுத்து பேக்ஹேண்டில் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் அதிகமாக இருக்கும் முதல் பகுதியில் தட்டு லேசாக வலப்பக்கம் திரும்பும். வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். தட்டின் மேல் காற்று அழுத்தும் இடம் வேகத்தைப் பொறுத்து முன்னும் பின்னும் நகர்வதும், சுழலும் பொருள் அந்த அழுத்தத்துக்குப் பக்கவாட்டில் பதில் சொல்வதும்தான் இதற்குக் காரணம். பம்பரம் சாயும்போது விழாமல் பக்கவாட்டில் வட்டமடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை.

காற்று அடர்த்தி குறைந்தால், வேகமாக எறிந்தாலும் மெதுவாக எறிந்த மாதிரிதான் தட்டு நடந்துகொள்ளும். வலப்பக்கம் திரும்ப வேண்டியது திரும்பாது. இடப்பக்கச் சாய்வு மட்டும் சீக்கிரமே வந்துவிடும். ஊரில் எஸ் எழுத்து மாதிரி வளைந்து அழகாகப் போன தட்டு, மலையில் கொக்கி மாதிரி மடங்கி விழுவது இதனால்தான்.

தீர்வு ரொம்பச் சுலபம். தட்டுகளில் நான்கு எண்கள் அச்சடித்திருப்பார்கள்: வேகம், மிதப்பு, திருப்பம், இறுதிச் சாய்வு. மூன்றாவது எண்ணான திருப்பம் மைனஸில் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சுலபமாகத் தட்டு வலப்பக்கம் திரும்பும். மைனஸ் 1 உள்ள தட்டை ஊரில் பயன்படுத்துகிறவர், மலைக்கு மைனஸ் 2 அல்லது 3 உள்ளதைக் கொண்டுபோனால் பழைய பாதை திரும்பக் கிடைக்கும். எடை குறைந்த தட்டும் உதவும். வழக்கமாக 170 முதல் 175 கிராம் வரை உள்ளதை எறிகிறவர்கள் 150 - 160 கிராமுக்கு இறங்கலாம். மலைக்குப் போகிறோம் என்று கனமான, முரட்டுத் தட்டுகளை அள்ளிக்கொண்டு போவதுதான் பலரும் செய்யும் தப்பு. அவை அங்கே பையில் பாரமாகக் கிடப்பதோடு சரி.

ஏற்றத்துக்கு ஒரு தட்டு, இறக்கத்துக்கு ஒரு தட்டு

மலை மைதானத்தில் பலகையில் எழுதியிருக்கும் தூரத்தை அப்படியே நம்பக் கூடாது. ஆட்டக்காரர்களிடையே ஒரு தோராயக் கணக்கு புழங்குகிறது: கூடை எத்தனை அடி மேலே இருக்கிறதோ, அதை மூன்றால் பெருக்கித் தூரத்தோடு கூட்ட வேண்டும். கீழே இருந்தால் கழிக்க வேண்டும். 300 அடி தூரத்தில், 30 அடி மேலே இருக்கும் கூடை உண்மையில் 390 அடி மாதிரி. அதே கூடை 30 அடி கீழே இருந்தால் 210 அடிதான்.

மேலே எறியும்போது தட்டின் முன்முனை தூக்கிக்கொண்டால் போச்சு. வேகம் செத்து, எறிந்தவர் பக்கமே சரிந்து வரும். சரிவு எவ்வளவோ அதே கோணத்தில், முனை தூக்காமல் எறிய வேண்டும். இறக்கத்தில் கதை வேறு. தட்டு காற்றில் அதிக நேரம் இருப்பதால் சின்னக் காற்றும் அதை எங்கேயோ கொண்டுபோய்விடும். உச்சியில் நின்று பார்க்கும்போது கீழே கூடை எறும்பு மாதிரி தெரிய, எல்லாருக்கும் பெரிய டிரைவர் தட்டை எடுத்து வீசத்தான் ஆசை வரும். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் டெலாவேகா மைதானத்தின் 27-வது கூடை இப்படித்தான். 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் அனுபவசாலிகள் இறக்கத்தில் நடுத்தரத் தட்டையோ பட்டரையோதான் எடுப்பார்கள். நேராகப் போகும், காட்டுக்குள் தேடிக்கொண்டு அலைய வேண்டாம்.

கூடைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் மலையின் குணம் முழுசாகத் தெரியும். குறி தவறிய தட்டு விளிம்பில் விழுந்து, சக்கரம் மாதிரி எழுந்து, சரிவில் உருள ஆரம்பித்தால் 100 அடி கீழே போய்த்தான் நிற்கும். இரண்டு எறிதலில் முடிந்திருக்க வேண்டியது ஐந்தாகிவிடும். அதனால் கூடை சரிவின் ஓரத்தில் இருந்தால் நேராகச் சங்கிலியைக் குறிவைக்காமல், பக்கத்தில் மெதுவாகப் போட்டுவிட்டு அடுத்ததில் முடிப்பது புத்திசாலித்தனம். விதியும் ஒன்று இருக்கிறது. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறியும்போது, எறிந்த பிறகு முன்பக்கம் கால் வைக்காமல் நிலையாக நின்று காட்ட வேண்டும். சமதளத்தில் இதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. கூழாங்கல் சரிவில் ஒற்றைக் காலில் நிற்கும்போதுதான் அருமை தெரியும்.

எந்த மாசம், எந்த ரூட்?

மே மாத இறுதி வரைக்கும் உயரமான மைதானங்களில் பனி கிடக்கும். ஸ்கீ ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகுதான் ஆட்டம் தொடங்கும். செப்டம்பரோடு முடிந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட்டில் மதியத்துக்கு மேல் இடிமழை. செப்டம்பர் இரண்டாம் பாதியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக மாறும், இடிமழையும் குறைந்திருக்கும். விடுமுறை கிடைக்கும் என்றால் அதுதான் சிறந்த நேரம். மஞ்சள் தட்டு மட்டும் வேண்டாம், உதிர்ந்த இலைக்குள் விழுந்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

டென்வரில் இறங்கியதும் நேராக மலைக்கு விடாமல் இரண்டு இரவு அங்கேயே தங்குவது நல்லது. காரணம் கீழே வருகிறது. முதல் மலை ஆட்டத்துக்கு கோனிஃபர் ஊரில் உள்ள பீவர் ரான்ச் பொருத்தம். டென்வரிலிருந்து முக்கால் மணி நேரம்தான். பைன் மரங்களுக்கு நடுவே, ஏற்ற இறக்கம் நிறைந்த மைதானம். 8,000 அடிக்கு மேல் இருப்பதால் தட்டும் உடம்பும் எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதித்துப் பார்த்துவிட்டு இரவு டென்வருக்கே திரும்பிவிடலாம்.

அடுத்து ஃப்ரிஸ்கோ. ஐ-70 நெடுஞ்சாலையில் போனால் வேகம். ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாக 11,158 அடி வரை ஏறி இறங்க வேண்டும். 285-ம் நெடுஞ்சாலையில் ஃபேர்பிளே போய், ஹூசியர் கணவாய் வழியாக பிரெக்கன்ரிட்ஜ் இறங்குவது சுற்றுவழி, ஆனால் கண்ணுக்கு விருந்து. ஃப்ரிஸ்கோவில் டில்லன் ஏரியை ஒட்டிய பெனின்சுலா பொழுதுபோக்குப் பூங்காவில் 18 கூடை மைதானம் இருக்கிறது. இலவசம். இந்தப் பகுதியின் பைன் காடுகளைப் பட்டைத் துளைக்கும் வண்டுகள் சூறையாடியதால் பட்டுப்போன ஏராளமான மரங்களை வெட்டிவிட்டார்கள். அதனால் சில இடங்கள் எதிர்பார்த்ததைவிட வெட்டவெளியாக இருக்கும். காற்று நேராக வந்து தட்டைத் தட்டும்.

ஃப்ரிஸ்கோவிலிருந்து ஃப்ரீமான்ட் கணவாய் ஏறி இறங்கினால் லெட்வில். தூரம் குறைவு, உயரம் அதிகம். 10,150 அடிக்கு மேல், அதாவது தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியையும் தாண்டிய உயரத்தில் ஒரு பழைய வெள்ளிச் சுரங்க ஊர். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட சுமார் 30 சதவீதம் குறைவு. கொலராடோ மவுண்டன் காலேஜ் வளாகத்தில் மைதானம் இருக்கிறது.

கடைசியாக டெல்யூரைட். லெட்விலிலிருந்து மொனார்க் கணவாய், கன்னிசன், மான்ட்ரோஸ் வழியாக ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. இந்த நாளில் ஆட்டமே வைக்காமல் டிரைவுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். டெல்யூரைட்டிலிருந்து பக்கத்து மவுண்டன் வில்லேஜுக்கு 1996 முதல் இலவச கோண்டோலா ஓடுகிறது. அதில் ஏறி 10,500 அடிக்கு மேல் இருக்கும் சான் சோஃபியா நிலையத்தில் இறங்கினால் அங்கேயே மைதானம் தொடங்குகிறது. கோண்டோலாவும் இலவசம், மைதானமும் இலவசம். செலவு பண்ணிப் போகிற ஊரில் இப்படி ஒரு சலுகை. ஆனால் பனிக்காலம் முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் பராமரிப்புக்காக கோண்டோலாவை நிறுத்திவிடுவார்கள்.

நாளுக்கு ஒரு ஆட்டம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். சமவெளியில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற 18 கூடைகள், மலையில் மூன்றரை, நான்கு மணி நேரம் இழுக்கும். "காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று" என்று போடும் அட்டவணை பேப்பரில் மட்டும்தான் நடக்கும்.

உடம்பு தாங்குமா?

சுமார் 8,000 அடிக்கு மேல் போகும்போது யாருக்கு வேண்டுமானாலும் உயரத்தால் வரும் மலை நோய் வரலாம். வயது குறைவு, ஜிம்முக்குப் போகிறேன் என்பதெல்லாம் பாதுகாப்பு கிடையாது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அசதி என்று முதல் நாள் இரவிலேயே காட்டிவிடும். பயணக் களைப்பு என்று நினைத்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் இன்னும் உயரத்துக்குப் போவதுதான் ஆபத்து.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்வது இதுதான்: தாழ்வான ஊரிலிருந்து ஒரே நாளில் 9,000 அடிக்கு மேல் போய்த் தூங்க வேண்டாம். அந்த உயரத்தைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 1,600 அடிக்கு மேல் கூட்ட வேண்டாம். முதல் 48 மணி நேரம் மது வேண்டாம், கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட இரவு எங்கே தூங்குகிறோம் என்பதற்கு இதில் முக்கியத்துவம் அதிகம்.

மேலே சொன்ன ரூட்டை இதோடு பொருத்திப் பாருங்கள். டென்வரில் இரண்டு இரவு, பிறகு 9,097 அடியில் ஃப்ரிஸ்கோ, பிறகு 1,100 அடிக்குள் கூடுதலாக லெட்வில். வரம்புக்குள் வருகிறது. ஹூஸ்டனில் காலையில் விமானம் ஏறி, மதியம் டென்வரில் கார் எடுத்து, ராத்திரி லெட்விலில் தூங்குவது வரம்புக்குள் வராது. லீவு நாள் குறைவு என்று பலரும் செய்வது அதைத்தான். நம்ம ஊரிலிருந்து லே - லடாக் போகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஓய்வு எடுக்கச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான்.

ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடாத இருமல் வந்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் அது சாதாரண மலை நோய் இல்லை. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்ப்பதன் அறிகுறியாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. உடனே கீழே இறங்க வேண்டும், 911-ஐ அழைக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதய நோய், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். முன்தடுப்புக்காகக் கொடுக்கப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்களைக் கூடை கூடையாக நடக்க வைக்காமல், ஏரிக்கரையில் உட்கார வைத்துவிட்டு ஆடுவது நல்லது. ஃப்ரிஸ்கோ அதற்கு வசதியான இடம்.

வானம் கறுத்தா என்ன பண்றது?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கொலராடோவில் காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். பகல் ஒரு மணிக்கு மேகம் கூடும். இரண்டு மணிக்கு இடி. கிட்டத்தட்ட தினசரி வழக்கம். மலையில் ஆடுகிறவர்கள் காலை 7 மணிக்கு முதல் தட்டை எறிந்து, மதியத்துக்குள் கீழே இறங்கிவிடும்படி பிளான் பண்ணுவது இதற்காகத்தான்.

யோசித்துப் பாருங்கள். வெட்டவெளியான ஸ்கீ சரிவு, நடுவில் இரும்புக் கம்பம், அதன் பக்கத்தில் நனைந்த ஒரு ஆள். மின்னலுக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் வேண்டுமா? இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் தாக்கும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். 15-வது கூடையில் இருக்கிறோம், இன்னும் மூன்றுதானே என்று கணக்குப் போடக் கூடாது. நான்கு சுவர் உள்ள கட்டடமோ, கூரை இரும்பால் ஆன காரோதான் பாதுகாப்பு. தனி மரத்தடியும், பக்கம் திறந்த கொட்டகையும் பாதுகாப்பு இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்னல் வந்தால் லிஃப்ட்டையும் கோண்டோலாவையும் நிறுத்திவிடுவார்கள். இறங்க வழி அதுதான் என்று நம்பி மேலே போனவர்கள் மேலேயே மாட்டிக்கொள்வார்கள். அதனால் கோண்டோலாவில் ஏறும்போதே, நடந்து இறங்கும் பாதை எது என்று கேட்டு வைத்துக்கொள்வது அவசியம்.

காரையும் கவனிங்க

ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது கொல்லிமலை, ஊட்டி ரூட்டில் ஓட்டும் டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது மறந்தே போயிருக்கும். ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து சில்வர்தார்ன் இறங்கும் பாதை நீண்ட, செங்குத்தான இறக்கம். பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் ஓடி நிற்பதற்கென்றே பக்கத்தில் மணல், சரளை மேடு போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் சூடேறி, ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. ஆட்டோமேட்டிக்கிலும் 'எல்' அல்லது மேனுவல் மோடில் போட்டு இன்ஜினால் வேகத்தைக் குறைக்கலாம். வாடகைக் காரை எடுக்கும்போதே அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மான்ட்ரோஸுக்கு அப்பால் ஊரே ஊருக்குள் போய், சில்வர்ட்டன் நோக்கி ரெட் மவுண்டன் கணவாய் ஏறும் சாலையை 'மில்லியன் டாலர் ஹைவே' என்பார்கள். பல இடங்களில் ஓரத் தடுப்பே இருக்காது. அழகுக்காகப் போகலாம், டெல்யூரைட் போக அது தேவையில்லை. ரிட்ஜ்வேயில் திரும்பி டல்லஸ் டிவைட் வழியாகப் போவது சுலபம். செப்டம்பரில் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஐ-70 மலைப் பகுதியில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை பனிக்கு ஏற்ற டயர் அல்லது சங்கிலி சாதனம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பையில என்ன இருக்கணும்?

எட்டு முதல் பத்து தட்டுகள் தாராளம். ஆரஞ்சு, பிங்க் மாதிரி பளிச்சென்ற நிறங்கள். பச்சை புல்லில் காணாமல் போகும், வெள்ளை ஆஸ்பென் மரத்தடியில் காணாமல் போகும். ஒவ்வொரு தட்டின் பின்னாலும் மார்க்கரில் போன் நம்பர் எழுதி வைத்தால், கண்டெடுத்தவர்கள் மெசேஜ் அனுப்புவது இந்த விளையாட்டில் நல்ல பழக்கமாகவே இருக்கிறது. ஆளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர், சன்ஸ்கிரீன், தொப்பி, மழைக்கோட்டு. உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிர் அதிகம். குளிர்கிறதே என்று விட்டுவிட்டால் சாயங்காலம் முகம் எரியும்.

போன் சிக்னலை நம்ப வேண்டாம். யூடிஸ்க் போன்ற செயலிகளில் மைதான வரைபடத்தையும், கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியையும் டென்வரில் வைஃபை இருக்கும்போதே டவுன்லோட் செய்துவிட வேண்டும். ரிசார்ட் மைதானங்கள் திறந்திருக்கின்றனவா என்பதை முந்தைய நாள் போன் பண்ணிக் கேட்பது நல்லது. திருமணம், சைக்கிள் பந்தயம் என்று எதற்காவது மூடி வைத்திருப்பார்கள். காட்டுத்தீ அபாயம் அதிகமுள்ள நாட்களில் சிகரெட், அடுப்பு எல்லாவற்றுக்கும் தடை வரும்.

கரடியைப் பார்த்தால் ஓடக் கூடாது, மெதுவாகப் பின்வாங்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். இந்த மலைகளில் அதிகம் பயப்பட வேண்டியது மூஸ் எனப்படும் பெரிய மான் இனத்துக்கு. குட்டியோடு இருந்தால் துரத்தும், அப்போது தாராளமாக ஓடி மரத்துக்குப் பின்னால் ஒளியலாம். நாயைப் பார்த்தால் இன்னும் கோபம் வரும். தட்டு மூஸ் பக்கத்தில் போய் விழுந்தால், 15 டாலர் போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான். காரில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டு ஆடப் போவதும் தப்பு. கொலராடோ கரடிகளுக்குப் பூட்டாத கார்க் கதவைத் திறக்கத் தெரியும்.

திரும்பி வரும் நாளையும் யோசித்து வையுங்கள். டெல்யூரைட்டிலிருந்து டென்வர் ஆறு மணி நேரத்துக்கு மேல். ஞாயிறு மதியம் மலையிலிருந்து டென்வர் நோக்கி வரும் ஐ-70 போக்குவரத்து நெரிசலுக்குப் பேர் போனது. திங்கட்கிழமை விமானம் என்றால் சனிக்கிழமையே பாதி தூரம் வந்துவிட்டு, ஞாயிறு காலை சீக்கிரமே சுரங்கப்பாதையைத் தாண்டிவிடுவது நல்லது. மிச்சமிருக்கும் மதியத்தில் டென்வரிலேயே ஒரு சமதள மைதானத்தில் ஆடலாம். மலைக்கென்று வாங்கிய தட்டுகள் அங்கே வலப்பக்கம் பறந்துகொண்டே போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.